பெரியவர்களைக் குழுப் பயணத்துக்கு அனுப்பும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கத்திலிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு கோயில் பயணம் போய் வருகிறேன். 14 வருஷம் ஆகிறது. போகிறவர்களைவிட அவர்களுடைய பிள்ளைகள்தான் எனக்கு அதிகம் போன் செய்கிறார்கள். என்னோடு வராமல் வேறு நிறுவனத்தில் போகிறவர்களின் வீட்டாரும் கேட்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான் என்பதால் அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலும் தந்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. நோய், மருந்து பற்றிய முடிவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"அம்மாவுக்கு 68 வயசு. குரூப் டூர் அனுப்பலாமா?"

வயதை மட்டும் சொன்னால் என்னால் பதில் சொல்ல முடியாது. 76 வயதில் சுவாமிமலைப் படி ஏறி இறங்கிவிட்டு, கீழே வந்ததும் காபி கேட்டவரைப் பார்த்திருக்கிறேன். 61 வயதில், பஸ் படியில் கால் வைக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பார், உட்காராமல் எவ்வளவு நேரம் நிற்பார், கைப்பிடி இருந்தால் எத்தனை படி ஏறி இறங்குவார். அப்புறம் பயணத் திட்டத்தை எடுத்து, அதிலேயே மிகக் கடினமான நாள் எது என்று கண்டுபிடியுங்கள். அந்த நாளோடு அம்மாவின் மூன்று கணக்கையும் ஒப்பிடுங்கள். பத்து நாள் பயணத்தில் மற்ற ஒன்பது நாளும் சுகமாக இருந்தாலும், ஆள் படுத்துவிடுவது அந்த ஒரு நாளில்தான்.

"வீட்டுல எல்லா வேலையும் அவங்கதான் செய்றாங்க. அது போதாதா?"

போதாது. வீட்டில் சமைக்கும்போது முட்டி வலித்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மதியம் ஒரு மணி நேரம் படுப்பார். தரிசன வரிசையில் ஸ்டூல் கிடையாது, பயணத்தில் மதியத் தூக்கமும் கிடையாது.

வீட்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். காலையில் 20 நிமிடம் நிற்காமல் நடக்கச் சொல்லுங்கள், அரை மணி இடைவெளி விட்டு இரண்டு மாடி ஏறி இறங்கச் சொல்லுங்கள். மாலையில் முக்கால் மணி நேரம் நிற்கட்டும். பக்கத்தில் நாற்காலி இருக்கட்டும், கூடவே நீங்களும் இருங்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அந்த வேகம் அவருக்கு அதிகம். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் என்று ஏதாவது சொன்னால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இதை மூன்று நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். முதல் நாள் எல்லோரும் உற்சாகமாகச் செய்துவிடுவார்கள். மூன்றாம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எப்படி எழுந்திருக்கிறார் என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல்.

"டூர்காரர் 'கொஞ்சம் நடக்கணும்'னு சொன்னார். கொஞ்சம்னா எவ்வளவு?"

இதை அவரிடமே கேட்டு எண்ணிக்கையாக வாங்குங்கள். என் பெரியம்மா ஒரு நிறுவனத்தோடு வடக்கே போனபோது இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். பஸ் நின்ற இடத்திலிருந்து கோயில் வாசலுக்கு இரண்டு கிலோமீட்டர். போக இரண்டு, வர இரண்டு, நடுவில் வரிசையில் ஒன்றரை மணி நேரம். பெரியம்மாவால் அடுத்த இரண்டு நாளும் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. சொன்னவர் பொய் சொல்லவில்லை. 35 வயதுக்காரருக்கு அது கொஞ்சம்தான்.

ஒவ்வொரு ஊருக்கும் இப்படிக் கேளுங்கள்: வண்டி எங்கே நிற்கும்? அங்கிருந்து வாசலுக்கு எத்தனை மீட்டர்? ஆட்டோவோ பேட்டரி காரோ கிடைக்குமா? எத்தனை படி, கைப்பிடி உண்டா? வரிசையில் உட்கார இடம் இருக்குமா? காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பி, இரவு எத்தனை மணிக்கு அறைக்கு வருவோம்? பலமுறை போய் வந்தவர் உடனே சொல்லிவிடுவார். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

"காசி சமதளம்தானே? அங்கே என்ன கஷ்டம்?"

மலை இல்லைதான். ஆனால் கங்கைக் கரையில் 84 படித்துறைகள். எதில் இறங்கினாலும் உயரம் உயரமான கல்படிகள், பல இடங்களில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. மழைக்காலம் முடிந்து வெள்ளம் வடிந்த கையோடு போனால் படியெல்லாம் வண்டல் சேறு. படகில் கால் வைத்து ஏறுவது, முட்டி மடங்காதவர்களுக்குப் பெரிய சோதனை. விசாலாட்சி கோயில் இருக்கும் சந்தில் ஆட்டோ நுழையாது. விசுவநாதர் கோயிலுக்கு 2021 டிசம்பரில் திறந்த புதிய வளாகம் வந்தபின் கங்கைப் பக்கமிருந்து அகலமான வழி கிடைத்திருக்கிறது. அது பெரியவர்களுக்கு உண்மையிலேயே நல்ல வசதி. அனுமான் காட் படித்துறைப் பக்கம் தமிழர்கள் தங்கும் இடங்கள் நிறைய உண்டு, சாப்பாட்டுக்கும் சௌகரியம். லிஃப்ட் இருக்கிறதா, இல்லையென்றால் தரைத்தள அறை தருவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

காசியோடு சேர்த்துப் போகும் மற்ற ஊர்களையும் கணக்கில் எடுங்கள். பிரயாகையில் திரிவேணி சங்கமத்துக்குப் படகு. கயாவில் பிண்டம் போட வெகுநேரம் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். புரோகிதரிடம் முன்கூட்டியே சொன்னால் மணையோ சிறு முக்காலியோ ஏற்பாடு செய்வார். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடுவது என்றால் ஈரத்துணியோடு ஈரக் கல்தரையில் ஒவ்வொரு கிணறாக நடப்பது. நான் கூட்டிப் போனவர்கள் வழுக்கி விழுந்ததெல்லாம் மலையில் இல்லை, இந்த மாதிரி ஈரத் தரைகளில்தான். தடுமாற்றம் உள்ளவர்களுக்குக் கடலில் ஒரு முழுக்கு போதும், மீதித் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளலாம் என்றே நான் சொல்வேன்.

"பஸ்ஸா, ரயிலா? எது நல்லது?"

தூரம் அதிகம் என்றால் ரயில். எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம், கழிப்பறை கூடவே வருகிறது. பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கால் வீங்கும், காலில் ரத்தம் கட்டும் ஆபத்தும் கூடும். பஸ்தான் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்களா என்று கேளுங்கள். வழியில் கழிப்பறை இல்லை என்ற பயத்தில் பல பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். மூன்றாம் நாள் மயக்கம், நீர்க்கடுப்பு எல்லாம் அதனால்தான் வருகிறது.

ரயிலில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த்துக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஒரே டிக்கெட்டில் ஒருவரோ, தகுதியுள்ள இருவரோ போகும்போதுதான் அது பொருந்தும். 20 பேருக்கு மொத்தமாகப் போடும் டிக்கெட்டில் அதை எதிர்பார்க்க முடியாது. "உங்க அப்பாவுக்கு லோயர் பெர்த் கண்டிப்பா உண்டு" என்று வாயால் சொல்வதை நம்பாமல், டிக்கெட் வந்ததும் பெர்த் எண்ணைப் பாருங்கள்.

"முட்டி வலி இருக்கு. அறுபடை வீடு போக முடியுமா?"

முடியும். முட்டிவலிக்காரர்களுக்கு நான் முதலில் சொல்லும் பயணமே இதுதான். திருச்செந்தூர் கடற்கரையில் இருக்கிறது, மலை ஏற வேண்டாம். திருப்பரங்குன்றத்தில் அடுத்தடுத்த மண்டபங்களுக்குச் சில படிகள். பழமுதிர்சோலைக்கும் திருத்தணிக்கும் வண்டி மேலேயே போகும். திருத்தணியில் 365 படி என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். சுவாமிமலையில் 60 படி, நடுவில் நின்று நின்று ஏறலாம். பழனியில் ஏறக்குறைய 700 படி இருந்தாலும் விஞ்ச்சும் ரோப் காரும் இருக்கின்றன. பராமரிப்புக்காகவும் பலத்த காற்றடித்தாலும் ரோப் காரை நிறுத்துவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம், கிருத்திகை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

60 முதல் 70 வயதுக்காரர்களை இந்து சமய அறநிலையத் துறையே அறுபடை வீடுகளுக்கு இலவசமாக அழைத்துச் செல்லும் திட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தோடு உடல்தகுதிக்கான மருத்துவச் சான்றும் கேட்பார்கள். வசதி குறைந்த குடும்பங்கள் இதை அவசியம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

அறுபடை வீடு இல்லை என்றாலும், நரசிம்மர் மலைக்கோயில் இருக்கும் சோளிங்கரையும் சொல்லிவிடுகிறேன். 1,305 படி ஏற முடியாமல் கீழிருந்தே கும்பிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். 2024 முதல் அங்கே ரோப் கார் ஓடுகிறது. அவர்களில் இருவரை மறுபடி அழைத்துப் போனேன். நரசிம்மர் சந்நிதியில் இருவரும் அழுதார்கள்.

"ஏறத்தானே கஷ்டம்? இறங்கறது சுலபம்தானே?"

மூச்சுக்கு ஏறுவது கஷ்டம், முட்டிக்கு இறங்குவது கஷ்டம். இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் மடங்கிய முட்டியில் விழும். கண்ணில் புரை உள்ளவர்களுக்குப் படியின் விளிம்பும் சரியாகத் தெரியாது. பரிகாரம் சொன்னால் எளிதுதான்: மேலே ஏறும்போதே பாதித் தெம்பை மிச்சம் வைக்க வேண்டும், இருட்டும் முன் இறங்கிவிட வேண்டும்.

"நாலு தாமும் பார்க்கணும்னு அப்பாவுக்கு ரொம்ப ஆசை. நடக்க முடியலைன்னா டோலியில போயிடலாமே?"

இமயமலையில் இருக்கும் அந்த நான்கு தலங்களும் ஒரே மாதிரி இல்லை. பத்ரிநாத்துக்கும் கங்கோத்ரிக்கும் வண்டியிலேயே போகலாம். யமுனோத்ரிக்கு ஜானகி சட்டியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் ஏற்றம். கேதார்நாத்துக்குக் கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டர். 2013 வெள்ளத்துக்குப் பிறகு பாதையை மாற்றியதில் முன்பிருந்ததைவிட நீண்டுவிட்டது. ஆட்கள் தூக்கிப் போகும் டோலி, கோவேறு கழுதை, ஹெலிகாப்டர் எல்லாம் உண்டு.

ஆனால் டோலி காலுக்குத்தான் ஓய்வு தரும். கேதார்நாத் ஏறக்குறைய 3,580 மீட்டர் உயரம். அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு, குளிரும் மழையும் சேரும். டோலியில் மணிக்கணக்கில் அசையாமல் குறுகி உட்கார்ந்து வருபவருக்குக் குளிர் நடப்பவரைவிட அதிகம் உறைக்கும். கோவேறு கழுதையில் உட்காரத் தொடையிலும் இடுப்பிலும் பலம் வேண்டும். ஹெலிகாப்டர் சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும், உடம்புக்குப் பழக நேரமே கிடைக்காது. வானிலை கெட்டால் அது பறக்காது. அன்று இரவு மேலேயே தங்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள்.

நடக்க முடியாதவருக்கு நான் சொல்வது பத்ரி மட்டும். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருவதரி அது. ஹரித்வாரில் இரண்டு இரவு, வழியில் ஒரு இரவு, ஏறக்குறைய 1,900 மீட்டரில் இருக்கும் ஜோஷிமட்டில் ஒரு இரவு, அடுத்த நாள் 3,100 மீட்டரில் பத்ரி. ஜோஷிமட்டைத் திவ்யதேசமான திருப்பிரிதி என்று கருதி வணங்குகிறவர்கள் நம்மில் உண்டு. அதனால் அங்கே தங்குவது வெறும் ஓய்வாக மட்டும் இருக்காது.

"அப்பா தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறார். உயரம் அவரை என்ன செய்யும்?"

நடைப் பழக்கம் ஏற்றத்துக்கு உதவும். உயரத்துக்கு அது காப்பு இல்லை. இளைஞர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும்கூட 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். ஊட்டி 2,240 மீட்டர்தான். "ஊட்டியில ஒண்ணும் ஆகலையே" என்பது பதில் ஆகாது. வேகமாக நடந்து பழகியவர் மேலேயும் அதே வேகத்தில் நடந்து மாட்டிக்கொள்கிறார். முதல் நாள் மெதுவாக நடப்பது, தண்ணீர் குடிப்பது, ஒரே நாளில் அதிக உயரம் ஏறாமல் இருப்பது இவைதான் வழி. முன்கூட்டி எடுக்கும் மாத்திரை உண்டு, அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, டாக்டர் சொன்னால் மட்டும் எடுக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ தாமதிக்காமல் கீழே இறக்க வேண்டும். தரிசனம் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அமர்நாத் யாத்திரைக்கும் அரசு நடத்தும் கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கும் 70 வயது என்று மேல்வரம்பும் மருத்துவச் சோதனையும் வைத்திருப்பது இதனால்தான். வேறு வழியில் கூட்டிப்போகிறோம் என்று யாராவது சொன்னால், அந்த வரம்பு எதற்காக என்று அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். கைலாயத்தைச் சுற்றும்போது டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல்.

"ஸ்டென்ட் வச்சிருக்கு, சர்க்கரையும் இருக்கு. டாக்டர்கிட்ட என்ன கேட்கறது?"

"டூர் போகலாமா டாக்டர்?" என்று கேட்டால் "ஜாக்கிரதையா போயிட்டு வாங்க" என்பார். பயணத் திட்டத்தைக் காட்டி, மூன்றாம் கேள்வியில் சொன்ன கணக்குகளை எழுதிக் கொடுத்து, "இந்த நாளில் இவ்வளவு நடை, இவ்வளவு படி, இவ்வளவு உயரம்" என்று கேளுங்கள். அப்போது பதில் வேறு மாதிரி வரும்.

சாப்பாடு தாமதமானால் சர்க்கரை மாத்திரையை எப்படி எடுப்பது, பஸ் நாளில் நீர் மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது, இன்சுலினை எதில் வைப்பது என்றும் கேளுங்கள். கழிப்பறைக்குப் பயந்து நீர் மாத்திரையை அவர்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அது மிகவும் ஆபத்து. மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு அதிகமாக இருக்கட்டும், இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். மருந்துச் சீட்டின் நகல் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

"உடம்பு விஷயத்தைச் சொன்னா டூர்ல சேர்த்துக்க மாட்டாங்களே. மறைச்சிடலாமா?"

கூடாது. ஒருமுறை என்னிடம் மறைத்துவிட்டு வந்தவருக்கு விருத்தாசலம் தாண்டியதும் வலிப்பு வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் இழந்த ஒவ்வொரு நிமிடமும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பயணக் காப்பீட்டிலும் இருக்கிற நோயை மறைத்தால் பணம் கிடைக்காமல் போகலாம். சொன்னதற்காகச் சேர்க்க மறுக்கும் குழு உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தயாராக இல்லாத குழு.

"'சீனியர் சிட்டிசன் ஸ்பெஷல்'னு விளம்பரம். நம்பலாமா?"

பேரை விடுங்கள், திட்டத்தைப் பாருங்கள். ஒரே ஊரில் இரண்டு இரவாவது தங்குகிறார்களா? ஒரு நாளைக்கு மூன்று கோயிலுக்கு மேல் போட்டிருக்கிறார்களா? ஐந்து நாளுக்கு ஒரு அரை நாளாவது ஓய்வா? நவகிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் முடிப்பது இளைஞர்களுக்குச் சரி. எங்கள் ஊர்ப் பெரியவர்களை நான் இரண்டு நாளாகத்தான் கூட்டிப் போகிறேன்.

45 பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால் பின்தங்குபவரைக் கவனிக்க ஆள் இல்லை. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். கூட வருபவர்களின் வயதையும் விசாரியுங்கள். இளம் குடும்பங்கள் நிறைந்த குழுவில் பெரியவர்கள், தங்களால் எல்லோருக்கும் தாமதம் என்று நினைத்து முடியாவிட்டாலும் சொல்லாமல் நடப்பார்கள். அறையில் வெஸ்டர்ன் டாய்லெட் எல்லா ஊரிலும் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

"தம்பி யூரோப் டூர் புக் பண்ணியிருக்கான். அங்கே எல்லாம் வசதிதானே?"

சாலை வசதிதான். ஆனால் பழைய நகரங்களின் நடுவே டூர் பஸ் போகாது. ஒதுக்குப்புறத்தில் இறக்கிவிட்டுக் கருங்கல் பாவிய தெருக்களில் நடக்க வைப்பார்கள். தடியும் முட்டியும் அந்தக் கல்லில் திணறும். தினம் ஒரு ஊர் என்றால் பெட்டியைத் தினமும் கட்ட வேண்டும், தூக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் பல டூர்களிலும் வரும் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேதார்நாத் பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும், ரயிலில் போனாலும். இதய நோய் இருந்தால் அந்த ஒரு நாள் கீழே ஏரிக்கரையில் இருக்கட்டும். விமான நிலையத்துக்கு வீல்சேர் உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

"அப்பா நல்லா நடப்பார், அம்மாவால முடியாது. எந்த டூர் எடுக்கறது?"

அம்மாவுக்குப் பொருந்துவதை எடுங்கள். அப்பாவுக்குப் பொருந்துவதை எடுத்தால் அம்மா தினமும் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பார், அப்பாவுக்கும் மனசு ஓடாது. அம்மாவுக்கு ஏற்ற பயணத்தில் ஒன்றிரண்டு கடினமான இடங்கள் இருந்தால் அன்று அப்பா மட்டும் போகட்டும். அம்மா தங்குமிடம் எங்கே, கூட யார், சாப்பாடு எப்படி என்று முதல் நாளே பேசிவிடுங்கள். பஸ்ஸுக்குள் ஏசி இல்லாமல் டிரைவரோடு மூன்று மணி நேரம் உட்கார வைப்பதற்கு ஓய்வு என்று பெயர் இல்லை.

"மூணு மாசம் இருக்கு. பயிற்சி பண்ணித் தயாராகலாமா?"

தாராளமாக. வாரத்துக்கு ஐந்து நாள் நடை, ஐந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, கைப்பிடியோடு படி ஏறி இறங்குவது இரண்டும் சேரட்டும். பத்து நிமிடம் நடந்தவர் முப்பது நிமிடம் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். தேய்ந்த முட்டி புதிதாகிவிடாது, அதற்குத் தகுந்த ஆசை வையுங்கள்.

செருப்பைப் பழக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கோயிலில் வெறுங்கால்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் பிராகாரக் கல் கொதிக்கும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடே தெரியாது, இரவில்தான் கொப்புளத்தைப் பார்ப்பார்கள். பருத்தி சாக்ஸ் அனுமதிக்கும் இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள், தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள்.

"பணம் கட்டியாச்சு. போன வாரம் அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க, அடி ஒண்ணும் இல்லை. அனுப்பலாமா?"

ஏன் விழுந்தார் என்று தெரியும்வரை அனுப்பாதீர்கள். வழுக்கியதா, தலை சுற்றியதா, புது பிரஷர் மாத்திரையா, கால் தடுக்கியதா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பிறகு இரண்டாம் கேள்வியில் சொன்ன மூன்று நாள் சோதனையை மறுபடி வையுங்கள். நிறுவனத்திடம் தேதி மாற்றமோ பெயர் மாற்றமோ கேளுங்கள். சீக்கிரம் சொன்னால் பெரும்பாலும் ஏதாவது வழி கிடைக்கும், கிளம்பும் முந்தின நாள் சொன்னால் கிடைக்காது. ஒன்றுமே திரும்ப வராவிட்டாலும் என் பதில் மாறாது.

என் மாமியார் இப்படித்தான் ஒரு மாசிப் பயணத்தை விட்டார். கண்புரையால் படி தெரியவில்லை என்று பிறகு தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, ஐப்பசியில் காசிக்குக் கிளம்பினார். படித்துறையில் நான் கையை நீட்டியபோது, "விடு, இப்போ எனக்கே தெரியுது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நான் ஒரு படி கீழேயே நின்றுகொண்டேன்.